வாழ்ந்து காட்டிய மறையுரை: இலங்கையின் திருத்தூதர் புனித யோசேவாஸ் அடிகளார்



நாம் கிறிஸ்தவர்கள் என்பதை நமது அயலவர்கள் எதனைக் கொண்டு அறிந்துகொள்கிறார்கள்? வீட்டின் முன்சுவரில் தொங்கும் திரு இருதய ஆண்டவரின் படத்தைக் கொண்டு அறியலாம். ஞாயிறு காலையில் குடும்பமாகக் கோவிலுக்குச் செல்வதைக் கண்டு அறியலாம். பிள்ளைகளுக்கு நாம் சூட்டிய புனிதர்களின் பெயர்களைக் கொண்டும் அறியலாம். இவை யாவும் நல்லவையே. ஆயினும் ஒரு நாள் இந்த அடையாளங்கள் எல்லாம் சட்டத்தினால் தடை செய்யப்பட்டு, கோவில்கள் மூடப்பட்டு, குருவானவர்கள் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டால், நாம் கிறிஸ்தவர்கள் என்பதற்கு நம்மிடம் எஞ்சியிருக்கும் சான்று யாது?

இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. இலங்கைத் தீவில் வாழ்ந்த நம் முன்னோர் தமது வாழ்நாளில் சந்திக்க நேர்ந்த கேள்வி இது. அந்த இருண்ட காலத்தில் அவர்களைத் தேடி, கையில் எதுவுமின்றி, வெறுங்காலுடன் வந்த குருவானவர் ஒருவரின் வாழ்வே இக்கேள்விக்கு விடையாக அமைந்தது. அவரே ஆண்டுதோறும் ஜனவரி 16ஆம் நாள் திருச்சபை விழா எடுத்துச் சிறப்பிக்கும் புனித யோசேவாஸ் அடிகளார்.

மேய்ப்பரில்லாத மந்தை

1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். ஆட்சி மாறியதோடு மறைக்கும் சோதனை வந்தது. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குரு ஒருவருக்குத் தங்க இடமளிப்பது மரண தண்டனைக்குரிய குற்றமென அறிவிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக் கோவில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபையின் வசமாயின. பிள்ளைகளின் ஞானஸ்நானமும் திருமணப் பதிவும் அச்சபையின் வழியாகவே நடைபெற வேண்டியிருந்தது.

அரசும் சட்டமும் பாடசாலையும் பதவியும் ஒரு பக்கத்தில் நின்றன. மறுபக்கத்தில் நின்றவர்கள் மீனவரும் கமக்காரரும் எளிய குடும்பத்தவருமே. பலர் அச்சத்தினால் வெளிக்கு மாறியவர்கள் போல நடந்துகொண்டனர். ஆயினும் இரவில் கதவுகளை அடைத்துக்கொண்டு செபமாலை சொன்ன வீடுகள் இருந்தன. மண்ணில் புதைத்தும் கூரையில் செருகியும் திருச்சிலுவைகளைக் காத்த தாய்மார் இருந்தனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் திருப்பலியில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்க ஆளில்லை. மரணத் தறுவாயில் இருந்தோருக்கு அவஸ்தை பூசக் குருவில்லை. ஒரு தலைமுறை முழுவதும் குருவானவரின் முகத்தையே காணாமல் வளர்ந்தது.

பெனாலிமில் பிறந்த பிள்ளை

இச்செய்தி கோவாவிலிருந்த இளங்குரு ஒருவரின் உள்ளத்தை உறங்கவிடாமல் வருத்தியது. யோசேவாஸ் 1651 ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவிலுள்ள பெனாலிம் கிராமத்தில், கிறிஸ்தோவா வாஸ், மரிய டி மிராண்டா தம்பதியருக்குப் பிறந்தார். கொங்கணி பேசும் பிராமண குலத்திலிருந்து கிறிஸ்தவம் தழுவிய, பக்தியும் மதிப்பும் மிக்க குடும்பம் அது. போர்த்துக்கேய மொழியும் இலத்தீன் மொழியும் கற்று, கோவாவில் இயேசு சபையினரிடமும் தொமினிக்கன் சபையினரிடமும் உயர்கல்வி பெற்று, 1676இல் அவர் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

குருவான நாள் முதல் ஏழைகளைப் போல வெறுங்காலுடனேயே நடக்கலானார். 1677 ஆகஸ்ட் 5ஆம் நாள் தம்மை அன்னை மரியாளின் அடிமையாக ஒப்புக்கொடுத்துத் தம் கையாலேயே ஒரு சாசனம் எழுதிக்கொண்டார். பிற்காலத்தில் அவர் செய்த எல்லாவற்றிற்கும் இச்சாசனமே அடித்தளம் எனலாம். ஓர் அடிமைக்குத் தன் விருப்பமென்று ஒன்றில்லை. தன் மானமென்று காக்கவேண்டியதும் இல்லை. ஆகவே அவரை இழிவுபடுத்தக்கூடியது எதுவும் உலகில் இல்லாது போயிற்று.

இலங்கையின் நிலையை அறிந்ததும் அங்கு செல்ல அனுமதி கேட்டார். மேலதிகாரிகளோ 1681இல் அவரைக் கனரா நாட்டுக்கு அனுப்பினர். அங்கே திருச்சபை அதிகாரம் பற்றிய கசப்பான பிணக்கு நிலவியது. விரும்பிய இடம் கிடைக்கவில்லையே என்று முகம் சுளிக்காமல், அப்பணியை மூன்று ஆண்டுகள் உண்மையோடு நிறைவேற்றினார். 1684இல் கோவா திரும்பியபின், புனித பிலிப்பு நேரியின் வழியைப் பின்பற்றி ஒன்றுகூடியிருந்த உள்நாட்டுக் குருக்களின் குழுவில் சேர்ந்தார். அதற்குத் தலைவராகவும் 1685இல் தெரிவு செய்யப்பட்டார். அத்தலைமைப் பதவியையும் துறந்துவிட்டு, 1686இல் இலங்கையை நோக்கிப் புறப்பட்டார்.

பிச்சைக்காரரின் கோலத்தில்

வாசகர்களே, அவர் புறப்பட்ட கோலத்தைச் சற்று எண்ணிப்பாருங்கள். குருவின் அங்கியுடன் வந்தால் கரையிலேயே பிடிபடுவார். ஆகவே கந்தல் துணி அணிந்து, பிச்சைக்காரரைப் போலத் தூத்துக்குடி வந்து சேர்ந்தார். உடன் வந்தவர் யோவான் என்னும் பணியாளர் ஒருவரே. 1687ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று இருவரும் கப்பலேறினர். கடல் கொந்தளித்துக் கப்பலை மன்னார்ப் பக்கமாகத் தள்ளியது. உணவும் நீரும் குறைந்த நெடும் பயணத்தின் பின், யாழ்ப்பாணக் கரையில் இறங்கும்போது அடிகளார் எலும்பும் தோலுமாக இருந்தார். விரைவிலேயே கடும் வயிற்றுளைவு நோயில் வீழ்ந்தார். யாரென்றே அறியாத அந்நியருக்கு இரக்கமுள்ள பெண்ணொருவர் கொடுத்த கஞ்சியே உயிர் காத்தது என்று அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர்.

சற்று நடமாட முடிந்ததும் வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். கழுத்தில் ஒரு செபமாலையை அணிந்துகொண்டார். வாசலில் நிற்கும் பிச்சைக்காரரின் கழுத்தை யாருடைய கண்கள் மீண்டும் மீண்டும் நாடுகின்றன என்பதையே அவர் கவனித்தார். அச்சம் நிறைந்த அக்காலத்தில், ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் வழி அதுவாகவே இருந்தது. ஒரு வீட்டில் அப்பார்வை கிடைத்தது. மெதுவாக நம்பிக்கை பிறந்தது. பிச்சை கேட்டவர் குருவானவர் என்று அறிந்தபோது, முப்பது ஆண்டுகள் காத்திருந்த அந்த மக்களின் கண்கள் எவ்வாறு கலங்கியிருக்கும்!

பண்டத்தரிப்புக்கு அண்மையிலுள்ள சில்லாலைக் கிராமத்து மக்கள் அவரைத் தம்மிடம் அழைத்துச் சென்றனர். அங்கிருந்தே அவருடைய இரவுப் பணி ஆரம்பமாயிற்று. பகலில் மறைந்திருந்து, பொழுது சாய்ந்தபின் ஊர் ஊராக நடந்தார். ஞானஸ்நானம் கொடுத்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், திருமணங்களை ஆசீர்வதித்தார், விடிவதற்கு முன் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். தமிழைக் கற்று, மக்களின் மொழியிலேயே அவர்களோடு செபித்தார். காணிக்கையாகக் கிடைத்ததில் தமக்கென ஒரு பிடி அரிசிக்கு மேல் வைத்துக்கொள்ளாமல் வறியோருக்குப் பகிர்ந்தளித்தார்.

அவருக்கு இடமளித்தவர்களின் தியாகத்தையும் நாம் மறந்துவிடலாகாது. அவரை வீட்டுக்குள் அழைத்த ஒவ்வொரு குடும்பமும் தன் உயிரையும் உடைமையையும் பணயம் வைத்தது. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில், வழிபாட்டிற்காகக் கூடியிருந்த மக்களை ஒல்லாந்தரின் வீரர்கள் சூழ்ந்துகொண்டனர். அடிகளார் தப்பினார், மக்கள் பிடிபட்டனர். அவர்களுள் தொன் பேதுரு என்பவரும் ஒருவர். சீர்திருத்தச் சபையை விட்டுக் கத்தோலிக்க மறையைத் தழுவியிருந்த அவர், கொடிய கசையடிகளினால் உயிர் நீத்தார். வேறு சிலர் கடூழியச் சிறைக்கு ஆளாயினர். இத்தனைக்குப் பின்னரும் அடிகளாரைக் காட்டிக்கொடுக்க அவர்கள் இசையவில்லை. குருவின் முன்மாதிரி மக்களைத் தாங்கியது. மக்களின் முன்மாதிரி குருவைத் தாங்கியது.

சிறையிலும் செபமாலை

யாழ்ப்பாணத்தில் தேடுதல் கடுமையானதால், 1690இல் அடிகளார் கண்டி அரசனின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்திற்குச் சென்றார். அங்கு பணியாற்றியபின் 1692இல் தலைநகராகிய கண்டியை நோக்கி நடந்தார். ஆனால் அவருக்கு முன்பே பொய்க்குற்றச்சாட்டு கண்டியை அடைந்திருந்தது. அவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என அரசன் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குச் சொல்லப்பட்டது. அடிகளார் கைது செய்யப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார்.

பிறர் சிறையென்று கருதியதை அவர் பாடசாலையாக மாற்றிக்கொண்டார். அங்கேயே சிங்கள மொழியைக் கற்றார். தம்மைக் குற்றஞ்சாட்டியவரைக் குறைகூறவோ, காவலர்களுடன் வாதாடவோ முற்படவில்லை. செபித்தார்; உழைத்தார்; கிடைத்த உணவைப் பகிர்ந்தார். அவரைக் கவனித்துவந்த காவலர்கள் இவர் ஒற்றரல்லர் என்பதை உணர்ந்தனர். காவல் சிறிது சிறிதாகத் தளர்ந்தது. காவலிடத்திலேயே சிறு குடிலொன்றை அமைத்துத் திருப்பலி நிறைவேற்றத் தொடங்கினார். மறைந்து வாழ்ந்த கண்டிக் கத்தோலிக்கர் ஒருவர் பின் ஒருவராக அவரிடம் வந்தனர்.

கடும் வறட்சி நாட்டை வாட்டியபோது, அரசனின் வேண்டுகோளின்படி அவர் திருச்சிலுவையின் முன் முழந்தாளிட்டு மன்றாட, மழை பொழிந்தது என்னும் செய்தி அனைவரும் அறிந்ததே. ஆயினும் அம்மழையைக் காட்டிலும் பெரிய அற்புதம் ஒன்று பின்னர் கண்டி வீதிகளில் நிகழ்ந்தது.

யாவரும் ஓடிய வீதியில்

1697இல் கண்டியில் வைசூரி பரவியது. மருந்தறியாத அக்காலத்தில் அந்நோயின் பெயரே மக்களைக் கலங்கச் செய்தது. அரசனும் பிரபுக்களும் நகரை விட்டு அகன்றனர். தாயைப் பிள்ளைகளும் கணவனை மனைவியும் கைவிட்டு ஓடும் நிலை ஏற்பட்டது. நோயுற்றோர் வீதியோரங்களிலும் காட்டோரங்களிலும் விடப்பட்டனர். இறந்தோரைப் புதைக்க ஆளில்லை.

அந்த வேளையில் இருவர் மட்டும் நகரை நோக்கி வந்தனர். ஒருவர் அடிகளார், மற்றவர் கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த அவரது உறவினரான அருட்தந்தை யோசே கர்வாலோ. கைவிடப்பட்டவர்களுக்காகக் குடிசைகள் அமைத்தனர். வெறுமையாகக் கிடந்த வீடுகளை நோயாளர் தங்கும் இடங்களாக்கினர். கஞ்சி காய்ச்சி எடுத்துச் சென்று ஊட்டினர். புண்களைக் கழுவினர், அழுக்குத் துணிகளைத் துவைத்தனர், இறந்தோருக்குத் தம் கையாலேயே குழி வெட்டி அடக்கம் செய்தனர்.

அவர்களுடைய பராமரிப்பைப் பெற்றவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்லர். கஞ்சியை நீட்டுவதற்கு முன் யாருடைய சமயமும் கேட்கப்படவில்லை. யாருடைய குலமும் கேட்கப்படவில்லை. பிராமண குலத்தில் பிறந்த ஒருவர், எக்குலத்தவர் என்றே அறியாத ஒரு மனிதனின் சீழ் வடியும் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆண்டவர் கூறிய நல்ல சமாரித்தனின் உவமையைக் கண்டி மக்கள் வாசித்தறியவில்லை. தம் வாசலிலேயே நடக்கக் கண்டனர்.

நோய் தணிந்து அரசன் நகர் திரும்பியபோது, எல்லோரும் இவர்களைப் பற்றியே பேசினர். ஒற்றரென்று அடைக்கப்பட்டவர், அரசன் மதித்துப் போற்றும் மனிதரானார். தனது நாட்டிற்குள் தடையின்றி மறைப்பணியாற்ற அரசன் அவருக்கு இடமளித்தான். ஒரு பௌத்த மன்னனின் நாட்டில் கத்தோலிக்க மறைக்குக் கிடைத்த பாதுகாப்பு, வாளினாலோ பொருளினாலோ கிடைத்ததன்று. கழுவப்பட்ட புண்களும் ஊட்டப்பட்ட கஞ்சியுமே அதைப் பெற்றுத் தந்தன.

புகழை நாடாத பணியாளர்

1687 முதல் 1696 வரை ஒன்பது ஆண்டுகள் அடிகளார் இத்தீவில் தனியொரு குருவாகவே உழைத்தார். 1696இல் கோவாவிலிருந்து உதவிக் குருக்கள் வரத் தொடங்கினர். அதன்பின் மாறுவேடத்தில் ஒல்லாந்தரின் ஆட்சிப் பகுதிகளுக்கும் மீண்டும் சென்று, சிதறிக் கிடந்த மக்களைத் தேடிச் சந்தித்தார். அவர் இட்ட அத்திவாரத்தின்மீது கட்டியெழுப்பியவர்களுள் முதன்மையானவர் 1705இல் வந்த அருட்தந்தை யாக்கோமே கொன்சால்வெஸ். தமிழிலும் சிங்களத்திலும் அவர் படைத்த மறைநூல்களும் பாடல்களும் இலங்கைத் திருச்சபையின் அருஞ்செல்வங்களாகும்.

அடிகளாரை ஆயர் தகுதிக்கு உயர்த்தும் எண்ணம் எழுந்தபோது, அவர் அதனைத் தாழ்மையுடன் மறுத்துவிட்டார். தலைமைப் பொறுப்பிலிருந்தபோதும், சக குருக்கள் நோயுற்றால் அவர்களுக்குச் சமைத்துப் பணிவிடை செய்தவர் அவரே. பல்லக்கில் செல்லும் வழக்கம் மேன்மக்களிடையே இருந்த நாட்களில், முதுமையிலும் கால்நடையாகவே பயணம் செய்தார்.

காட்டுப் பாதைகளும் காய்ச்சலும் நோன்பும் அவரது உடலை உருக்கிவிட்டன. 1711 ஜனவரி 16ஆம் நாள், அறுபதாவது வயதை எட்டுமுன், கண்டியில் அவர் ஆண்டவரில் துயில் கொண்டார். வாழும் காலம் முழுவதும் செய்யாத ஒன்றை மரண வேளையில் திடீரெனச் செய்துவிட முடியாது என்பதே, தம்மைச் சூழ்ந்து நின்றோருக்கு அவர் விட்டுச் சென்ற இறுதி அறிவுரை. அவருடைய மறைவுக்குப் பின் அரசர்களின் மனம் மாறிய ஒரு காலத்தில் கண்டிக் கோவிலும் அழிந்தது. அவரது கல்லறை இருந்த இடமும் மறைந்துபோயிற்று.

கல்லறையில்லாத அந்தப் பணியாளரைத் திருச்சபை மறக்கவில்லை. 1995 ஜனவரி 21ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். அதே திடலில் 2015 ஜனவரி 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். இலங்கைத் திருச்சபைக்குக் கிடைத்த முதற் புனிதர் அவரே.

நமது வீட்டு வாசலில்

அன்பார்ந்தவர்களே, இப்புனிதரின் வாழ்வு நம் குடும்பங்களிடம் என்ன கேட்கிறது என்பதைச் சற்று அமைதியாகச் சிந்திப்போம்.

முதலாவதாக, குருவானவர் வரும்வரை மறையைக் காத்தவை குடும்பங்களே. கோவிலும் மறைக்கல்வியும் இல்லாத முப்பது ஆண்டுகளில், தாயின் மடியில் கற்ற மந்திரங்களே பிள்ளைகளின் மறைநூலாக இருந்தன. நமது காலத்திலும் இடப்பெயர்வும் முகாம் வாழ்வும் புலம்பெயர்வும் எத்தனையோ குடும்பங்களைத் தமது கோவில்களிலிருந்து பிரித்தன. அந்நாட்களில் நம்மைத் தாங்கியதும் இரவில் ஒன்றாகச் சொன்ன செபமாலையே. இன்று கோவில்கள் திறந்திருக்கின்றன, பாதைகளும் திறந்திருக்கின்றன. ஆனால் மாலைச் செபத்திற்காக வீட்டுத் தொலைக்காட்சி அணைக்கப்படுகிறதா? கைத்தொலைபேசி கீழே வைக்கப்படுகிறதா? தடை இருந்த காலத்தில் காக்கப்பட்ட செல்வம், தடையற்ற காலத்தில் கைநழுவிப் போகலாமா?

இரண்டாவதாக, அடிகளார் குலப்பெருமையைக் கோவாக் கரையிலேயே களைந்துவிட்டு வந்தார். அவரது திருவுருவத்தை நம் கோவில்களில் வைத்து வணங்கும் நாம், பிள்ளைகளுக்குத் திருமணம் பேசும்போது முதலில் எதனை விசாரிக்கிறோம்? பங்கின் விழாக்களிலும் சபைகளிலும் சிலரை முன்னிருத்தி, சிலரைப் பின்னிருத்தும் வழக்கம் நம்மிடம் முற்றாக ஒழிந்துவிட்டதா? ஒரே நற்கருணையை உண்டபின் வாசலுக்கு வெளியே வேறுபாடு பார்ப்போமானால், சீழ் வடியும் புண்களைத் துடைத்த அந்தக் கரங்களின் முன் நாம் எவ்வாறு நிற்போம்?

மூன்றாவதாக, அயலவரின் துன்பமே நம் மறையை வெளிப்படுத்த இறைவன் தரும் மேடை. வைசூரி இன்று உலகிலிருந்து ஒழிக்கப்பட்டுவிட்டது. ஆயினும் கைவிடப்பட்டோர் நம் ஒழுங்கைகளிலேயே உள்ளனர். பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிடத் தனித்திருக்கும் முதியவர், போரில் கணவனை இழந்து பிள்ளைகளை வளர்க்கும் தாய், மதுவினால் சிதைந்த குடும்பத்தில் புத்தகமின்றிப் படிக்கும் சிறுவன், வைத்தியசாலைக் கட்டிலில் பார்க்க ஆளின்றிக் கிடக்கும் வேற்றுமதத்தவர் ஆகியோர் நம் வாசலிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கின்றனர்? அவர்களுக்கு நாம் கொண்டுசெல்லும் ஒரு பாத்திரம் கஞ்சி, நூறு மறையுரைகளுக்கு நிகராகும்.

பெரிய செயல்களுக்கு நமக்கு வசதியில்லை, ஆள்பலமில்லை என்று சொல்லி ஒதுங்கவேண்டாம். அடிகளாரிடமும் அவை இருக்கவில்லை. கந்தல் துணியும் கழுத்தில் ஒரு செபமாலையும் உண்மையான உள்ளமுமே அவருடைய முதலீடு. பதவியும் சட்டமும் செல்வமும் கொண்டிருந்த ஒல்லாந்தரின் ஆட்சி இத்தீவை விட்டு அகன்று இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்தப் பிச்சைக்காரர் வாசலில் வந்து நின்ற வீடுகளின் சந்ததியோ இன்றும் செபமாலையைக் கையில் ஏந்தியிருக்கின்றது.

மரண வேளைக்கென்று எதனையும் ஒதுக்கி வைக்கவேண்டாமென அவர் நமக்குச் சொல்லிச் சென்றிருக்கிறார். ஆகவே இந்த வாரமே ஒரு வாசலைத் தெரிவு செய்வோம். பேச்சு நின்றுபோன ஓர் உறவினரின் வாசலாக அது இருக்கலாம். நோயுற்றிருக்கும் ஓர் அயலவரின் வாசலாக இருக்கலாம். குடும்பமாக அங்கு செல்வோம். பிள்ளைகளையும் அழைத்துச் செல்வோம். அவர்கள் நம்மிடமிருந்து கற்கப்போகும் மறைக்கல்வி அதுவே.

மேய்ப்பரில்லாத மந்தையைத் தேடி வந்த புனித யோசேவாஸ் அடிகளாரின் வேண்டுதலால், நம் குடும்பங்களும் பிறர் கண்டு ஆறுதலடையும் இல்லங்களாகத் திகழ இறைவன் அருள்புரிவாராக. ஆமென்.